இடதுபக்கத்து பிளாஸ்மா டிவி

எங்கள் வீட்டுக்கு பிளாஸ்மா டிவி வாங்க அப்பா நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டார். அம்மாவைப் பெண் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல அவருக்கு அரைமணி நேரம்தான் ஆனதாம். மாமா இதை அடிக்கடி சொல்லிக் காட்டுவார். மாமா அம்மாவின் தம்பி. தினமும் கம்பெனி பஸ்ஸில் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருபவர் என்பதால் மின்சாரத்தில் ஓடுகிற எந்தப் பொருளைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் பாகலூர் ரோட்டுக் கடை ஒன்றில் இரண்டு பிளாஸ்மாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். இரண்டும் நாற்பத்திரண்டு அங்குலம். இடதுபக்கத்து டிவிக்குக் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புச் சட்டம். வலதுபக்கத்து டிவிக்குச் சாம்பல் நிறச் சட்டம், பள்ளிக்கூட பீரோ மாதிரி. முதல் ஞாயிறே என் மனசு இடதுபக்கம் போய்விட்டது.

மாமா வலதுபக்கக் கட்சி. "மச்சான், அதுல கான்ட்ராஸ்ட் அதிகம். கறுப்பு கறுப்பாவே தெரியும்" என்பார். கறுப்பு வேறு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்பார். கடைப் பையன் மாலூர்க்காரன். "நோடி சார்" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பான். யார் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்து டிவியே உசத்தி என்பான். மூன்று வாரம் அவன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தோம்.

நான்காவது ஞாயிறு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டார். "டிவிய நாளு முழுக்கப் பாக்கப்போறது அவதான?" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. அம்மா டிவி பார்க்க உட்கார்ந்து நான் கண்டதே இல்லை. சிப்காட்டில் ஒரு வால்வு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். விரல்நகம் அளவு பித்தளைத் துண்டுகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தால் சிவப்புத் தட்டில் போடும் வேலை. பதினோரு வருஷமாக அதைத்தான் செய்தாள். அந்தப் பிரிவில் அவள் கண்ணுக்குத் தப்பிய கீறல் கிடையாது என்று அவளோடு வேலை செய்த அக்காக்கள் சொல்வார்கள்.

கடையில் அப்பா ஒரு நாற்காலி கேட்டு வாங்கினார். எங்கள் ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் அதைப் போட்டு அம்மாவை உட்காரவைத்தார். இரண்டு டிவியிலும் செய்திச் சேனல் வைக்கச் சொன்னார்.

"கீழே எழுத்து ஓடுதுல்லா, அதப் படி பாப்போம்" என்றார்.

அம்மா திரையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். மாமாவும் கடைப் பையனும் காத்திருந்தார்கள். பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படிக்க வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். கூடவே இது எனக்கு நல்ல சமயம் என்றும் தோன்றியது. அவள் தோளில் சாய்வதுபோலக் குனிந்து, இடதுபக்கத்து டிவியில் ஓடியதைக் காதில் கிசுகிசுத்தேன்: கிருஷ்ணகிரியில் மாங்காய் விலை சரிவு, விவசாயிகள் கவலை.

அம்மா அதைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னாள். அடுத்த வரியையும் சொன்னாள். அப்பா வலதுபக்கம் கைகாட்டியபோது நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இதுல அவ்வளவா தெளிவு இல்லைங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, ரெண்டுலயும் ஒரே சேனல்தான ஓடுது!" என்று மாமா பதறினார்.

அப்பா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் எல்லோரும் பார்க்க அப்பா அப்படித் தரையில் உட்கார்ந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு எழுந்து, "இடதுபக்கம் இருக்கறதையே கட்டுங்க" என்றார். நான் ஜெயித்துவிட்டேன்.

சர்க்கரை நோய் அம்மாவின் விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. ஆறு மாதமாக அவள் அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். பஸ்ஸின் நம்பரைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுவதையும், சோற்றில் கல் கிடப்பதையும் அப்பா கவனித்திருக்கிறார். ஆஸ்பத்திரி என்றால் மறுத்துவிடுவாள் என்றுதான் டிவிக் கடைக்குக் கூட்டிப்போனார். இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் செய்த திருட்டுத்தனத்தையும் அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். அப்பா சிரித்தார்.

"நீ சொன்னது எனக்குந்தான் கேட்டுச்சு. அந்தக் கடையில எல்லாருக்கும் கேட்டுச்சு. அவ படிச்சேன்னு சொன்ன டிவிய வாங்காம வந்தா அவளுக்கு எப்படி இருக்கும்?"

டிவி வாங்கிய மறுவாரமே அப்பாவும் அம்மாவும் பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். லேசர் வைத்தார்கள். மிச்சமிருந்த பார்வை தங்கியது, போனது திரும்பவில்லை. எனக்கு, அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். அவள் கம்பெனிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்ததும் தெரியாது. புது டிவி வந்ததால் லீவு போட்டிருக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

காலாண்டு விடுமுறையில் ஒருநாள், முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி அக்காக்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, சுவரில் மாட்டும் ஒரு கடிகாரம் எல்லாம் கொண்டுவந்தார்கள். டிவி பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சோபாவில் உட்காரவைத்து, ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று விளக்கி, மத்தியான சீரியலைப் போட்டேன். அதில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவைகளும் பூமாலைகளும் சுவர் நிறைய ஜொலித்தன.

திரும்பிப் பார்த்தால் ஒருத்தி அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுகிறாள். மற்ற மூவரும் மூக்கை உறிஞ்சினார்கள். அம்மாதான் அவர்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கல்யாணக் காட்சிக்கே இந்த அழுகையா, எங்கள் டிவி அவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று பூரித்துப்போய், நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.