கதவோர பெஞ்சில் ஏகாம்பரம் அண்ணன்

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே எங்கள் சினிமாக் குழுவின் வாட்ஸ்அப்பில் சண்டை சூடு பிடித்திருந்தது. அந்த இயக்குநரின் புதுப் படத்துக்கு முன்னோட்டம் வந்திருந்தது. ஒரு மரத்தை ஒன்றரை நிமிடம் காட்டியிருந்தார். "இது படமா, காலண்டரா?" என்று ஒருவர் கேட்க, நான் வழக்கம்போல் சீறிக்கொண்டு பதில் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவே சலீம் சாரிடமிருந்து ஒரு வரி வந்தது. "நம்ம ஏகாம்பரம் அண்ணன் தவறிட்டாரு. நெஞ்சு வலி." அதைப் பார்க்காமலே யாரோ அனுப்பிய சிரிப்புப் பொம்மை ஒன்று அதன் கீழே வந்து விழுந்தது. தட்டியதை எல்லாம் அழித்தேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. ஐயோ, இன்னும் சொல்லவில்லையே என்ற பயம்தான் வந்தது.

இயக்குநரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த அஞ்சலிக்கு நடுவிலும் சண்டை கிளம்பும். அவர் படங்களைப் பார்ப்பவர்கள் ஒன்று தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள், இல்லையென்றால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆவடியில் சலீம் சார் நடத்தும் டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கூடும் எங்கள் இருபது பேரில் கொண்டாடுபவர்களுக்கு நான் தலைவி. தலையில் அடித்துக்கொள்பவர்களுக்கு ஏகாம்பரம் அண்ணன் தலைவர்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவில்பதாகையில் வீடு. அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் முப்பது வருடமாக மெக்கானிக். படம் பார்ப்பது அவருக்கு வெறி. நான் அவரை முதலில் பார்த்ததே ஒரு தியேட்டர் இருட்டில்தான். அந்த இயக்குநரின் படத்தில் ஒரு பெண் நெடுநேரம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஆபரேட்டரு, எந்திரிப்பா, படம் நின்னு போச்சு!" என்றது. தியேட்டரே சிரித்தது. நான் திரும்பி, "பிடிக்கலன்னா வெளிய போங்க சார்" என்று கத்தினேன். இடைவேளையில் அவரே தேடி வந்தார். "இன்னா தங்கச்சி, அவ்ளோ கோவம்? புடிக்காத படத்தையும் முழுசா பாத்துட்டுதான் திட்டுவேன். பாதில போவ மாட்டேன்" என்றார். ஆளை விடக் கூடாது என்று அங்கேயே குழுவுக்கு அழைத்தேன்.

குழுவில் அவருடைய இடம் கடைசி பெஞ்சு, கதவோரம். "புடிக்கலன்னா எந்திரிச்சி போவறதுக்கு வசதி" என்பார். அந்த ரயில் படம் வரைக்கும் ஒருநாளும் எழுந்து போனதில்லை. ஒரு படத்தில் ஒரு அம்மாள் ஏழு நிமிடம் பூண்டு உரித்தார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் அண்ணன், "பூண்டு ஆச்சு. கொழம்பு எப்போ?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் படியிறங்கும்போது அவரே மெதுவாக, "கடைசில அந்தம்மா கைய மோந்து பாத்தாங்களே, அது மட்டும் நல்லா கீது" என்றார். அப்படி ஒரு இடம் இருந்ததையே நான் கவனிக்கவில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இப்போது அந்த ரயில் படத்துக்கு வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு, என் மடிக்கணினியிலிருந்து திரையிட்டோம். புறநகர் ரயில் ஒன்று நிலையத்தை விட்டுக் கிளம்பிப் போவதை முழுதாகக் காட்டும் காட்சி அதில் உண்டு. அந்தக் காட்சி ஓடும்போது அண்ணன் நெளிய ஆரம்பித்தார். பிறகு எழுந்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இது தப்பா ஓடுது."

"உக்காருங்கண்ணா."

"இல்லம்மா, வண்டி கெளம்பறத தெனம் பாக்கறவன் நான். பன்னெண்டு பொட்டி வெளிய வர இவ்ளோ நேரம் ஆவாது. இது அந்தாளோட ஸ்லோ இல்ல, வேற இன்னாவோ ஸ்லோ. உன் கம்ப்யூட்டர கொஞ்சம் பாரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் படம், என் இயக்குநர், என் கூட்டம் என்ற திமிர் எனக்கு. நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "ஷெட்டுல போல்ட்டு முடுக்குறவங்களுக்கு இதெல்லாம் புரியாதுண்ணா."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு போனார். படத்தின் பாதியில் அவர் எழுந்து போனது அந்த ஒருமுறைதான்.

நடுவில் கரண்ட் வேறு போய் வந்ததால் படம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்த இயக்குநரின் பாத்திரங்கள் எப்போதும் இழுத்து இழுத்துத்தான் பேசும் என்பதால் குரலிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று மதியமே அந்த ரயில் காட்சியின் நிதானத்தைப் புகழ்ந்து நீளமாக எழுதிக் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது. சாயங்காலம் அதே காட்சியை மறுபடி பார்க்கலாம் என்று திறந்தபோதுதான் திரையின் ஓரத்தைக் கவனித்தேன். வேகம் முக்கால் என்றிருந்தது. இரண்டு நாள் முன்பு வேறொரு படத்தின் வசனங்களைக் குறித்துக்கொள்ள நான்தான் வேகத்தைக் குறைத்திருந்தேன். திருப்பி ஏற்ற மறந்துவிட்டேன். அண்ணனைத் தவிர எல்லாரும் என் மறதியைத்தான் கலை என்று கைதட்டிப் பாராட்டியிருக்கிறோம்!

சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். சொன்னால் என் கட்டுரை கேலிக்கூத்தாகும். அதைவிட, நான் அவரைச் சொன்ன சொல் என் மேலேயே திரும்பும். வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். 'பெட்டி எண்ணுற அண்ணாத்தே' என்று குழுவில் கேலிப் பெயர் வைத்தார்கள். அதற்கு நானும் சிரித்தேன். ஏழு மாதம் இப்படிப் போனது.

போன மாதம் ஒரு காலை, அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிற வழியில், அண்ணனூர் நடைமேடையில் அவர் நிற்பதை ரயிலிலிருந்து பார்த்தேன். என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் சொன்னதுதான் சரி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இறுகியது.

"இருவது பேர் எதிர்ல சொன்ன. இப்போ வந்து என் காதுல மட்டும் சொல்ற. இன்னா நாயம் தங்கச்சி இது?"

அடுத்த ரயில் வந்தது, நான் ஏறவில்லை.

"ஞாயித்துக்கெழம வர்றேன். அங்க சொல்லு. அதோட உட்ரலாம்."

சொன்னபடி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். கதவோர பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன். அடுத்த வாரப் படத்தைப் பற்றிப் பேசினேன், நாற்காலி போதாததைப் பற்றிப் பேசினேன், எல்லாம் பேசினேன். அதை மட்டும் விட்டுவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடியும்வரை அவர் காத்திருந்தார். அன்று அவர் ஒரு வார்த்தை கூடக் கிண்டல் செய்யவில்லை.

படியில் என்னைக் கடக்கும்போது நின்றார். கோபம் பாதி, சிரிப்பு பாதி. "உனக்குத்தான் ஸ்லோ புடிக்குமே. மெதுவாவே சொல்லு, அடுத்த வாரம் வர்றேன்" என்றார்.

ஐந்தாம் நாள் போய்விட்டார்.

சாவு வீட்டில் மல்லிகா அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட்டத்துல இன்னாமோ சொல்லப் போறன்னு சொல்லிகினே இருந்தாரும்மா. அதுக்குன்னு புதுச் சட்டை எடுத்தாரு. சொன்னியா?" என்று கேட்டார். அந்தச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டிருந்தார்கள்.

நண்பர்களே, இதை இன்று உங்கள் எதிரில் வாசிக்கவே எழுதினேன். அண்ணி வந்திருக்கிறார்கள். அண்ணன் உட்காரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அண்ணி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். படம் தப்பாகத்தான் ஓடியது. இந்த அறையில் படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் ஒருவர்தான். போல்ட்டு முடுக்குகிறவருக்குப் புரியாது என்று நான் சொன்னேன். அவருக்கு மட்டும்தான் புரிந்தது. அந்த வார்த்தையை இருபது பேர் எதிரில் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் சற்று நேரத்தில் அந்த ரயில் படத்தை மறுபடி போடப் போகிறோம். வேகத்தை நானும் சலீம் சாரும் ஆளுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டோம். ரயில் கிளம்பும்போது யாரும் பேச வேண்டாம். பன்னிரண்டு பெட்டிகளையும் எண்ணுவோம். கதவு திறந்தே இருக்கட்டும்.

போய் வாருங்கள் அண்ணா. ரொம்ப மெதுவாகச் சொல்லிவிட்டேன்.