பதில் வராத பக்கம்

பொம்மிடியில் ரயிலேறி என் எதிரே அமர்ந்தவருக்குத் தாடியில் நரை தொடங்கியிருந்தது. கைப்பேசியில் ஒரே பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன்.

“பாலக்கோட்டுத் தக்காளி வெலை சொல்ற வெப்சைட்டு நான் கட்டுனதுங்க. அதைத் தாங்கற ஃப்ரேம்வொர்க்குங்கற சாஃப்ட்வேரப் பாத்துக்கறவங்க, இந்தப் பக்கத்துல நான் கேட்டதுக்கு மாசக்கணக்கா வாயே தொறக்கலைங்க. கைவிட்ருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க.”

“வேற ஒண்ணுக்கு மாத்திக்கலாமுங்களே?”

“முழுசாத் திருப்பிக் கட்டணுங்க. அதுக்குள்ள இது நின்னுட்டா, வெவசாயிங்க வெலை தெரியாமயே பறிச்சிட்டு வருவாங்க.”

“நம்பிக்கையோட இருங்க. நான் தினமும் பதிகம் பாடுறேன்; என் சாமியும் எனக்கு இதுவரைக்கும் பதில் சொன்னதில்லை” என்றேன்.

அவர் தலைநிமிராமலே சொன்னார்: “சாமி பேசலைன்னாலும் கோயில் நிக்குமுங்க. இது நிக்காதுங்க.”

சேலம் வரை அவர் விரல் ஓயவில்லை. மறுநாள் பதிகம் பாடுகையில், பதிலை எதிர்பார்த்தா பாடுகிறேன் என்று முதன்முறையாக என்னையே கேட்டுக்கொண்டேன்.