மடியில் இருந்த மூடி

சிவப்பு நிற மூடி. உள்ளங்கையில் அடங்கிவிடும். பீரோவில் செபமாலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெட்ரோல் வாடை அதைவிட்டுப் போய் வெகுகாலமாகிறது. ஆனாலும் முகர்ந்து பார்த்தால் எனக்கு மட்டும் வரும்.

அது என் மதினியின் வல்லத்தில் இருந்த பெட்ரோல் கேனுடையது. மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தங்கச்சிமடத்திலிருந்து தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்க, என்னோடு சேர்த்து ஐந்து பெண்கள் அந்த வல்லத்தில் போவோம். மதினியும் கூட வருவார். ஓட்டுபவர் மதினியின் வீட்டுக்காரர்; அண்ணன் என்று கூப்பிடுவேன். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் பின்னால் தொங்கும் சின்ன மோட்டார். மதினிக்கு அந்தக் கேன்மேல் எப்போதும் ஒரு கண். கழுத்துவரை நிரப்ப விடமாட்டார். வெயிலில் பொங்கும் என்பார். பின்பக்கம் காற்றுப்படுகிற இடத்தில் கயிற்றால் கட்டி, நனைந்த சாக்கைப் போர்த்தி வைப்பார். "பெத்த புள்ளையக்கூட நீ இப்பிடிப் பாத்திருக்க மாட்ட" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். "புள்ள ஒழுக்குனா துடைச்சுக்கலாம். இது ஒழுக்குனா துடைக்க ஆளு இருக்காதுடி" என்பார்.

அன்று மதினி பூசைக்குப் போய்விட்டுக் கடைசியாகத்தான் கரைக்கு வந்தார். அதற்குள் அண்ணன் மோட்டாருக்குப் பெட்ரோல் ஊற்றினார். "இந்தா தாயி, மூடியப் பிடி" என்று என்னிடம் நீட்டினார். புனலைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் மூடியை மடியில் செருகிக்கொண்டேன். பின்பக்கமெல்லாம் சாக்கு மூட்டை. அண்ணன் கேனைத் தூக்கி முன்பக்கத்துப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டார். அந்தப் பொந்தில்தான் மாதா படம் இருந்தது. காற்றுப் படாது என்று, துறை தாண்டியதும் மெழுகுதிரி ஏற்றி அங்கேதான் வைப்போம்.

துறை தாண்டினோம். பாய் விரிந்தது. எங்களில் மூத்த அக்காள் நடு வல்லத்தில் குனிந்து, சிரட்டையில் திரியை நட்டுப் பற்றவைத்து, கையால் மறைத்தபடி முன்னால் நகர்ந்தார். அலையில் முன்பக்கம் ஒருமுறை தூக்கிப் போட்டது. அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது. கை தானாக மடிக்குப் போனது. மூடி அங்கே இருந்தது.

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. ஆனால் கிளம்பும் நேரத்தில் கெட்டதைப் பேசக்கூடாது என்பார்கள். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழகாதவள். திரிக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு எட்டுத் தூரம். கடலில் இறங்கி ஓட முடியாது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

முன்பக்கத்துப் பலகையையே பார்த்திருந்த என் முகத்தையும் மடியில் இருந்த கையையும் மதினி பார்த்தார். எழுந்தார். எரிகிற திரியைச் சிரட்டையிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நசுக்கினார்.

"அடி பாவி, மாதாவுக்கு ஏத்துன திரிய அணைக்கிறியே, நீ வெளங்குவியா?" என்று கத்தினார் மூத்த அக்காள்.

"மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அந்தப் பலகையத் தூக்கு."

கேன் சாய்ந்து கிடந்தது. வல்லத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் முழுக்கப் பெட்ரோல் மினுங்கியது. "மூடி எங்கன போச்சு?" என்று அண்ணன் கேட்டார். "கடல்ல விழுந்திருக்கும். மோட்டாரத் தொடாம, பாயச் சுருட்டித் துடுப்புப் போட்டுக் கரைக்குத் திருப்புங்க" என்றார் மதினி.

கரையில் கொப்புளித்த கையைக் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். குனிந்தபடியே சொன்னார்: "மடியில இருக்கிறத எடுக்காத. யாராச்சும் பாக்கப் போறாங்க. இனிமே வாயத் தொறந்து சொல்லு. உனக்கு வெக்கம்னு ஏழு பேரும் கருகணுமா?"

பயம் தெளிந்ததும் பெண்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். பாசி குறைந்த நாளெல்லாம் "திரிய அணைச்சவ வல்லம்" என்றார்கள். இரண்டு பேர் வேறு வல்லத்துக்குப் போனார்கள். மதினி ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வருடம் மதினி இறந்தார். பெட்டிக்குள் அவர் கையோடு வைத்துவிடலாமென்று மூடியை மடியில் செருகிக்கொண்டு போனேன். தலைமாட்டில் மெழுகுதிரி எரிந்தது. உள்ளங்கைத் தழும்பு தெரியாதபடி செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். இது என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே.

மூடி, போன மாதிரியே என் மடியில் திரும்பி வந்தது.