சூரியன் இல்லாத ஊரில் பொங்கல்

பெட்டியைத் திறந்த உடனே எனக்கு விசர் ஏறிச்சுது. என்ர பனிச் சப்பாத்து இருக்கவேண்டிய இடத்தில பொங்கல் பானை இருந்தது. பானைக்குள்ள பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, பிளம்ஸ், ரெண்டு ரின் தேங்காய்ப்பால். பானை நசுங்காமல் இருக்க என்ர கம்பளிச் சட்டையாலை சுத்தி வேற வைச்சிருந்தது.

"எங்கையப்பா என்ர சப்பாத்து?"

"நிறை கூடிப்போச்சு. அதுதான் எடுத்து வீட்டிலை வைச்சிட்டன்" எண்டார் என்ர மனுசன், ஏதோ தேவையில்லாத குடையை எடுத்து வைச்ச மாதிரி.

நாங்கள் நிண்டது ட்ரொம்சோவில ஒரு வாடகை வீட்டில, நோர்வேயின்ரை வடக்குத் தலைமாட்டில. வெளியில முழங்கால் மட்டும் பனி. என்ர காலில லண்டனில, ரெய்னர்ஸ் லேனில நடக்கிற துணிச் சப்பாத்து.

இந்தப் பயணம் நான் வாயைத் திறந்து கேட்டு வாங்கினது. போன மாசியில மார்பில கட்டி எண்டு கண்டுபிடிச்சு, ஒப்பரேசன், கீமோ எல்லாம் முடிஞ்சு, தலைமயிர் திரும்ப முளைக்கத் தொடங்கின நேரம். தை கடைசியில ஸ்கான். அதிலதான் தெரியும், போயிட்டுதோ இருக்குதோ எண்டு. அதுவரைக்கும் ரெய்னர்ஸ் லேனில இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். கடைக்குப் போனால் ஒருத்தி தலையைச் சரிச்சு "இப்ப எப்பிடி அக்கா?" எண்டுவாள். வீட்டை வந்தால் வாசலில ஆரோ சூப்போட நிப்பினம். அவையும் அன்பிலைதான் செய்யினம், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் எனக்கு வேளைக்கு வேளை சூப் குடிச்சு அலுத்துப்போச்சு.

"ஒருத்தருக்கும் என்னைத் தெரியாத இடத்துக்குப் போகோணும். மலை பாக்கோணும், மியூசியம் பாக்கோணும். நான் சமைக்கமாட்டன். ஸ்கானைப் பற்றி ஆரும் மூச்சு விடக்கூடாது" எண்டு மகளிட்டைச் சொன்னன். அவள்தான் தேடி எல்லாம் பதிஞ்சு தந்தவள். பாவம், அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. அடுத்த வருசம் தன்ர கலியாணத்துக்கு இப்பவே மண்டப ஹோல் பிடிச்சால்தான் உண்டு எண்டு எத்தினையோ தரம் கேட்டிட்டாள். அடுத்த வருசம் எண்ட சொல்லைக் கேட்டால் நான் தேத்தண்ணி போடுற சாட்டில எழும்பிப் போயிடுவன். கீமோ தொடங்கினதில இருந்து அந்தச் சொல்லை என்ர வாயாலை நான் சொன்னதேயில்லை. மகளுக்கும் தெரியும், மனுசனுக்கும் தெரியும்.

பதிஞ்ச திகதிக்குள்ள தைப்பொங்கல் வருகுது எண்டு மகளும் பாக்கேல்லை, நானும் பாக்கேல்லை. இவர் பாத்திருக்கிறார். பாத்திட்டு, கள்ளன் மாதிரி வாயை மூடிக்கொண்டு பானையைக் கட்டியிருக்கிறார்.

முதல் நாள் நல்லாத்தான் போச்சு. துறைமுகத்துக்குப் பக்கத்தில பழைய மரவீட்டில ஒரு மியூசியம். பனிக்கடலில வேட்டைக்குப் போன ஆக்களின்ரை குடிசை, துவக்கு, பாடம் செய்த கடல்நாய். நான் ஒவ்வொண்டாய் நிண்டு வாசிக்க, இவர் பின்னாலை நிண்டு "இதுகளை ஆர் துடைக்கிறது, தூசே இல்லை" எண்டார். பிறகு கண்ணாடித் தேவாலயம் ஒண்டு, முக்கோணமாய், உள்ளுக்கை வெளிச்சத்தோட. உண்மையாய் வடிவு. வெளியில மத்தியானம் ஒரு மணிக்கே வானம் கடும் நீலம். வானத்தில பச்சை வெளிச்சம் ஆடும் எண்டு சொன்ன பின்னேரம் முகில் மூடிப்போட்டுது. அதுக்கும் நான் கோபப்படேல்லை.

சாப்பிட்டு முடிய இவர் போனை நோண்டினார். "நாளைக்கு எத்தினை மணிக்குச் சூரிய உதயம் எண்டு பாக்கிறன். இதில ஒரு கோடு மட்டும் கிடக்கு. போன் பிழைச்சிட்டுது போல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "போன் பிழைக்கேல்லையப்பா. இஞ்சை கார்த்திகையில போன சூரியன் இன்னும் திரும்பி வரேல்லை. உதுகூடத் தெரியாமலோ பானையைக் காவிக்கொண்டு வந்தனீங்கள்?"

மனுசன் திகைச்சுப்போனார். உடனே அப்டன் பார்க்கில இருக்கிற தன்ர தமக்கைக்கு, அதுதான் என்ர மச்சாளுக்கு, போன். மச்சாள் யோசிச்சிட்டு, "லண்டன் உதயத்துக்குப் பொங்கு தம்பி" எண்டா. கொஞ்ச நேரத்தில திரும்ப எடுத்து, "யாழ்ப்பாண நேரத்துக்குப் பொங்கினாலும் பிழையில்லை" எண்டா.

"டொரோண்டோ நேரத்தையும் ஒருக்காக் கேளுங்கோ, அங்கையும் எங்கட சனம் இருக்கு!" எண்டு நான் கத்தினது மச்சாளுக்கும் கேட்டிருக்கும். கேக்கட்டும்.

விடிஞ்சுது எண்டு சொல்ல ஏலாது, காலமை ஆச்சு. நான் போர்வையோட சோபாவில இருந்தன், சமைக்கமாட்டன் எண்டால் சமைக்கமாட்டன். மனுசன் முழுகி, வேட்டி கட்டி, பானையைக் கொண்டுபோய், இரும்புச் சட்டிக்கு மட்டும் சூடேறுற கண்ணாடி அடுப்பில வைச்சார். அலுமினியப் பானையை அந்த அடுப்பு ஏனெண்டும் கேக்கேல்லை. சூடே வரேல்லை. பிறகு அந்த வீட்டுச் சட்டி ஒண்டைத் தேடி எடுத்தார். தன்ர கடையில எந்தச் சாமான் எந்தத் தட்டில கிடக்கெண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுற ஆள், அரிசிக்கு எவ்வளவு தண்ணி எண்டு ஒரு சொல் என்னட்டைக் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

பால் பொங்கி வழிஞ்சுது. "பொங்கலோ பொங்கல்!" எண்டு இவர் துள்ள, வழிஞ்ச பால் பொத்தான்களில பட்டு அடுப்பு கீக் கீக் எண்டு கத்தி நிண்டுபோச்சு. துடைச்சுத் திரும்பப் போட்டால் அடி பிடிச்சுது. புகை எழும்பினதும் மேலை இருந்த அலாரம் ஊர் கூட்டுற மாதிரி அலறிச்சுது.

கீழ்வீட்டில இருக்கிற வீட்டுக்காரி ஈரத்தலையோட ஓடி வந்தா. வேட்டியும் கரண்டியுமாய் நிண்ட மனுசன் தன்ர ஆங்கிலத்தில, இண்டைக்குச் சூரியனுக்குச் சமைக்கிற நாள் எண்டு விளங்கப்படுத்தினார். எனக்கு வெக்கத்தில உயிர் போச்சு. அவ சிரிக்கேல்லை. தாங்களும் சூரியனைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம், ஊருக்குள்ள தெரிய இன்னும் கொஞ்ச நாள் செல்லும், தெரியிற அண்டைக்குப் பிள்ளையளுக்கு ஜாம் பணிஸ் குடுப்பம் எண்டா. வானம் வெளிச்சிருந்தால் மலை உச்சியில நிண்டு மத்தியானம் ஒரு விளிம்பு காணலாம் எண்டும் சொன்னா.

அதுக்குப் பிறகு இவரைப் பிடிக்க ஏலுமோ? பொங்கலைச் சூட்டுப் போத்தலுக்குள்ள அள்ளிப் போட்டுக்கொண்டு, வேட்டிக்கு மேலை காற்சட்டையைக் கொழுவிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மலைக்குக் கம்பியில ஓடுற பெட்டியில ஏறினார்.

மேலை போய் இறங்கினதும் ஒரு கணம் நான் எல்லாத்தையும் மறந்தன். சுத்திவர நீல மலை, கீழை கறுப்புக் கடல், நடுவில விளக்குப் போட்ட ஊர். இதுக்குத்தான் நான் வந்தனான். அடுத்த கணம் சப்பாத்துக்குள்ள பனி போய்க் கால் விறைச்சுது. இவர் கிழக்கைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு நிண்டார்.

"அங்காலை, தெற்கை! எல்லாரும் பாக்கிற பக்கத்தைப் பாருங்கோவன்" எண்டு பிடிச்சுத் திருப்பினன். தெற்கில ரெண்டு மலைக்கு நடுவில வானம் சிவந்துகொண்டு வந்தது. இவர் கற்பூரத்தைக் கொளுத்தக் கொளுத்தக் காத்து அணைச்சுது. திரும்பத் திரும்பக் கொளுத்தினார். எனக்குப் பொறுக்கேல்லை.

"காணுமப்பா! கண்டறியாத பொங்கல்! ஒரு வருசம் பொங்காட்டி என்ன குடியோ முழுகிப்போகும்?"

இவர் நெருப்புப் பெட்டியைப் பாத்தபடி சொன்னார், "போன வருசம் பொங்கேல்லையெல்லே. கடைக்குச் சாமான் வருகுதெண்டு நான்தான் விட்டனான். மாசியில உமக்கு..."

மூக்குச் சிவந்து ஒழுகிச்சுது. கையுறையாலை துடைச்சார்.

ஒரு வருசமாய் இந்த மனுசன் இதைத்தான் மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்! எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கவேணும் போலவும் கிடந்தது. "விசரே உங்களுக்கு? ஒரு பானை பொங்காததுக்கே எனக்குக் கட்டி வந்தது? டொக்டரிட்டைப் போய்ச் சொல்லிப் பாருங்கோ!" எண்டு நான் கத்த, எங்களுக்குப் பின்னாலை சனம் ஓவெண்டு ஆரவாரிச்சுக் கை தட்டிச்சுது. திரும்பிப் பாத்தம். மலை இடுக்கில ஒரு செம்மஞ்சள் கோடு மட்டும் கிடந்தது. வந்த சூரியன் போயிட்டுது. அவ்வளவு தூரம் வந்து, சண்டை பிடிச்சு அதையும் விட்டிட்டம்.

இவர் போத்தலைத் திறந்து ஒரு கரண்டி பொங்கலை என்னட்டை நீட்டினார். அடிப்பிடிச்ச மணம். பயறு அவியேல்லை. சர்க்கரை ஒரு பக்கத்தில கட்டியாய்க் கிடந்தது.

"சீ, இதையோ சூரியனுக்குப் படைச்சனீங்கள்? அதுதான் அது நிண்டு பாக்காமல் ஓடினது. அடுத்த வருசம் பொங்கலுக்கு நான் வீட்டை விட்டு ஒரு அடி அசையமாட்டன். எங்கட வளவில, என்ர கையாலை பொங்குவன். நீங்கள் அடுப்படிக்கே வரக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

மனுசன் கரண்டியோட அப்பிடியே நிண்டார். "என்ன சொன்னீர்?"

"காதும் கேக்கேல்லையோ? அடுத்த வருசம் எண்டனான்!"

சொன்ன பிறகுதான் என்ர காதிலையும் விழுந்தது. இவர் கரண்டியை என்ர கையில திணிச்சிட்டு, கையுறையைப் பல்லாலை கழட்டி, போனை எடுத்து மகளுக்கு அடிச்சார்.

"பிள்ளை, அந்த ஹோலைப் பிடி" எண்டார். "ஓமடி, அம்மாதான் சொன்னவ."