தகட்டுக்குப் பின்னால் ஒரு பைப்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் உடுப்பிட்டிப் பக்கம் எவருடைய உழவு மெசின் பழுதாகிப் படுத்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். சத்தத்தைக் கேட்டே வருத்தத்தைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, என்ரை மெசினே போன மாதம் முற்றத்தில் வைத்து மானம் வாங்கப் பார்த்தது.

கொழும்பில் மகள் வீட்டில் ஒரு மாதம் நின்றுவிட்டு நானும் என்ரை மனிசியும் வந்திருந்தோம். மெசின் ஸ்ரார்ட் வரவில்லை. கனடாவில் இருக்கும் மகன் இதுதான் சாட்டென்று பழைய இரும்பு வாங்குகிறவரை ஒழுங்கு செய்துவிட்டான். "உது இனிச் சரிவராதப்பா, குடுத்துவிடுங்கோ" என்றான். அவனைப் படிப்பித்த மெசின் அது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அந்தாள் வரேக்கை ஓடாட்டில் ஏத்திக்கொண்டு போகட்டும்" என்று வாயை விட்டுவிட்டேன்.

சொன்ன நாள் விடிந்ததும் தொடங்கினேன். பற்றறி நன்றாகச் சுற்றியது. பில்டரைக் கழுவினேன். குழாயில் காற்று நின்றால் மெசின் பிடிக்காது என்று நட்டை இளக்கிப் பார்த்தேன். காற்றும் இல்லை, டீசலும் இல்லை. தாங்கியிலோ டீசல் நிறையக் கிடக்கிறது.

அதற்குள் வாசல் படலையில் லொறி வந்து நின்றுவிட்டது.

"ஐயா, கயித்தைப் போடட்டோ?" என்றார் இரும்புக்காரர்.

"பொறும். உம்மடை லொறியை விட இது கனகாலம் ஓடும்."

"ஓம் ஐயா. லொறிக்கு மேலை இருந்து ஓடும்."

தேத்தண்ணியோடு வந்த மனிசி மெசினைப் பார்த்தபடி நின்றாள். பிறகு என் காதடிக்கு வந்து, "இஞ்சாருங்கோ, உந்தப் பைப்பைத் திறந்தனீங்களோ?" என்றாள்.

"எந்தப் பைப்பு?"

"இடம்பெயரேக்கை வச்சியள். போகேக்கை பூட்டச் சொன்னதும் நீங்கள்தானே."

சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த அந்த நாளில் மெசினை மாமரத்தடியில் விட்டுவிட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, யாரும் ஓட்டிப் போகக்கூடாதென்று டீசலை மறிக்கும் சின்னப் பைப் ஒன்றைத் தகட்டுக்குப் பின்னால் ஒளித்துப் பொருத்தியிருந்தேன். அவளுக்கு மட்டும்தான் சொன்னது. திரும்பி வந்து பார்த்தால் சீற் இல்லை, பற்றறி இல்லை, மெசின் மட்டும் நின்றது. அதோடு நான் அந்தப் பைப்பை மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. இத்தனை வருசமும் வீட்டை விட்டு வெளியில் தங்கப் போகும்போதெல்லாம் பூட்டி, வந்ததும் திறந்திருக்கிறாள். இந்த முறை முழங்கால் நோவோடு வந்து படுத்ததில் திறக்கவில்லை.

கையை உள்ளே விட்டுத் திருகினேன். டீசல் வந்தது. காற்றை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு மெசின் பிடித்தது.

"என்ன பிழை ஐயா?" என்று கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார் இரும்புக்காரர்.

"காத்து" என்றேன். மனிசி தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

போன வெள்ளி சந்நிதி கோயிலில் இரண்டு நாள் தங்க வெளிக்கிட்டோம். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவள் மெசினடிக்குப் போனாள். நான் படலையைப் பிடித்தபடி காத்து நின்றேன். கோயிலால் திரும்பி வந்தவுடன் நானே போய் அந்தப் பைப்பைத் திறந்துவிட்டேன்.