கரும்பலகையின் வீட்டுப் பக்கம்

ஹோம்வொர்க் வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஜூன் மாதம் பிறந்தால் ஒரு சண்டை நடக்கும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சின்னப் பெண்கள் எல்லாரும் வேண்டாம் கட்சி. வகுப்பிலேயே எழுதவைத்து, வகுப்பிலேயே திருத்தி, பிள்ளைகளை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள்தான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டேன். தலையை ஆட்டிவிட்டு என் மேஜைக்கு வந்து, அந்த வாரத்துப் பிளானில் வீட்டுக்கென்று கொஞ்சம் எழுதிவைப்பேன். பிடிவாதக்காரி என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். அந்தப் பிடிவாதம் என் அக்காவிடமிருந்து வந்தது.

அப்போது நாங்கள் மலையாளம் பேசுகிற ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில், பெரியப்பாவின் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். கீழே மிளகாய் வத்தல், மல்லி, புளி மொத்த வியாபாரம். அப்பா இறந்த பிறகு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து அம்மாவையும் எங்கள் இருவரையும் பெரியப்பா கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரியம்மா முன்பே இறந்துபோயிருந்தாள், அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. வீட்டுக்கும் கடையாட்களுக்கும் சேர்த்து அம்மா சமைப்பாள். அடுப்படியை விட்டு அவள் வெளியே வந்து நான் பார்த்தது குறைவு.

பெரியப்பா கெட்டவர் இல்லை. ஓணத்துக்கும் துணி எடுத்துத் தருவார், தீபாவளிக்கும் எடுத்துத் தருவார். படிப்பை நிறுத்து என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தபோது, சாயங்காலம் கொஞ்சநேரம் கீழே வந்து மூட்டை எடையை எழுதிக் கொடு மக்களே என்றார், அவ்வளவுதான். சாயங்காலம்தான் லாரி வந்து இறங்கும், சில்லறைக் கடைக்காரர்களும் அப்போதுதான் வருவார்கள். கொஞ்சநேரம் என்பது கடை சாத்தும் நேரம்வரை நீண்டது. பரீட்சையில் அக்காவுக்கு இங்கிலீஷ் போயிற்று. மறுபடி எழுதினால் போச்சு, இந்தச் சீசன் முடியட்டும் என்றார்கள். வத்தல் சீசன் முடிந்தால் புளி சீசன் வந்துவிடும். யாரும் நிறுத்தாமலே அவள் படிப்பு நின்றுபோயிற்று.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம், சின்னவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பெரியப்பா அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு ஒரே பெருமை. மாடியில் என்ன இருக்கிறது, புத்தகமும் கொசுவும். கீழே போனால் பால் விடாத கட்டஞ்சாயாவும் பருப்புவடையும் வரும். மூட்டை தூக்குகிறவர்கள் ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். பெரியப்பா எப்போது கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அதட்டிப் பேசத் தெரியாதவர். அக்காவுக்கும் அவர்தான் பாடம் எடுத்திருந்தார். திங்கட்கிழமை வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுப்பார். இடது பக்கம் வகுப்பில் செய்வது, வலது பக்கம் வீட்டில் செய்வது. வாரம் முழுக்க அதை யாரும் அழிக்கக்கூடாது. வாசிப்பதும் விளக்குவதும் கேள்விக்குப் பதில் எழுதுவதும் எல்லாமே இடது பக்கத்தில் இருக்கும். வலது பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு அர்த்தம் பார்த்துவரச் சொல்லி இருக்கும். அதையும் காலையில் மணி அடிப்பதற்குள் யாரையாவது பார்த்து எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்திலேயே எங்களுக்குப் பிடித்த டீச்சர் அவர்தான் என்று சொல்லவும் வேண்டுமா.

அந்த வருஷத்து முதல் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வரவில்லை. மலையாளத்தில் நாலு பேர் முன்னால் பேச அவளுக்குக் கூச்சம். அக்காதான் வந்தாள், அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு. எல்லாரும் போன பிறகும் வராந்தாவில் டீச்சரோடு நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. டீச்சர் நடுவில் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்று நினைத்தேன். அவள் கிளம்பும்போது டீச்சர் சொன்னது மட்டும் கேட்டது.

"மோள் பொய்க்கோ. ஞான் நோக்கிக்கோளாம்."

நீ போ மகளே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? நான் வீட்டில் ஒரு புத்தகத்தையும் தொடுவதில்லை, விளையாட்டுத்தனமாகத் திரிகிறேன் என்று இவள் வத்தி வைத்துவிட்டாள். வழி முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை டீச்சர் அந்தக் கோட்டை இடப்பக்கமாகத் தள்ளிப் போட்டார். வீட்டுப் பக்கம் அகலமாயிற்று. பதில் எழுதுவது அங்கே போயிற்று, கதைச் சுருக்கம் போயிற்று. அதுவும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதமுடியாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். உன் வீட்டில் இன்றைக்குச் சாயங்காலம் கேட்ட சத்தங்களைப் பற்றி எழுது, உன் தெருவுக்கு வழி கேட்கிறவருக்குப் பதில் எழுது என்று இப்படி. வகுப்பே முணுமுணுத்தது. கரமனை அக்ரகாரத்திலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"உங்கக்கா வந்து என்னத்தடி சொல்லிட்டுப் போனா? அன்னிலேர்ந்து எல்லாத்தையும் ஆத்துக்குன்னா தூக்கிப் போடறா டீச்சர்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

டீச்சரையாவது பொறுத்துக்கொள்ளலாம், வீட்டில் நடந்ததுதான் பொறுக்கமுடியாதது. விளக்கு வைக்கும் நேரத்தில் கீழேயிருந்து பெரியப்பா, சின்னவளே, ஒண்ணு இறங்கி வா கேட்டியா என்று கூப்பிடுவார். நான் செருப்பை மாட்டுவதற்குள் அக்கா மாடிப்படியின் உச்சியில் வந்து நின்றுவிடுவாள். தெருவுக்கே கேட்கிற குரல் அவளுக்கு.

"பெரியப்பா, இவ இங்கிலீஷ் ஹோம்வொர்க் ஒரு வரி எழுதல்ல. நாளைக்கு டீச்சர் நம்மளையாக்கும் ஸ்கூலுக்கு விளிப்பிப்பா. நான் வாறேன்."

பெரியப்பாவுக்கு வரி ஆபீசரைக் கண்டாலும் பயமில்லை, டீச்சர் என்றால் பயம். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவர். பள்ளிக்கூடத்து வாசலில் கைகட்டி நிற்பதை நினைத்தாலே வேர்த்துவிடும் அவருக்கு. சரி சரி, அவ எழுதட்டும் என்பார். அக்கா இறங்கிப் போவாள். நான் ஜன்னலோரம் நோட்டை விரித்துக்கொண்டு அவளைத் திட்டித் தீர்ப்பேன். கட்டஞ்சாயாவும் வடையும் அவளுக்கு, எழுத்துவேலை எனக்கு. தனக்குப் படிப்பு வரவில்லையென்று என்மேல் பொறாமை, என்னைப் பற்றிக் கோள் சொல்லாவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது என்றுதான் நம்பினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு மேலே வருவாள். கை எத்தனை கழுவினாலும் வத்தல் எரிச்சல் போகாது. என் நோட்டைத் தொடமாட்டாள். கையெல்லாம் வத்தலு, நீயே புரட்டி எழுதினதை வாசி என்பாள். கைகளை முன்னால் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்பாள். புரியாத சொல் வந்தால் மறுபடி வாசிக்கச் சொல்வாள். அவள் உதடு கூடவே அசையும். நான் ஏமாற்றுகிறேனா என்று சோதிக்கிறாள் என நினைத்து வேண்டுமென்றே கடகடவென்று வாசித்து முடிப்பேன். பாவி, கொஞ்சம் மெதுவாக வாசித்திருக்கலாம்.

ஒருமுறை டீச்சர் கொடுத்த வேலை, சாயங்காலம் உன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற தெருவைப் பற்றி எழுது என்பது. அன்றைக்கு நன்றாக எழுதினேன். லாரியைப் பற்றி எழுதினேன், மூட்டையைக் குனிந்து முதுகில் வாங்குகிறவர்களைப் பற்றி, கல்லாவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கிற பெரியப்பாவைப் பற்றி எழுதினேன். மறுநாள் வகுப்பில் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார் டீச்சர். கடைசியில் இப்படி முடித்திருந்தேன்: என் அக்காவும் அங்கே மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறாள், அவள் தும்மிக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கு எப்போதும் என்மேல் கோபம். வகுப்பு சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆ வரி ஒன்னுகூடி வாயிக்கு" என்றார்.

அந்த வரியை மறுபடி வாசித்தேன். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். எங்கே இலக்கணப் பிழை விட்டோம் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்புக்கு நான் போன கொஞ்ச நாளில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. பத்தொன்பது வயது அவளுக்கு. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிற குடும்பம். மறுபடி பரீட்சை எழுதுகிற பேச்சு அதோடு நின்றுபோயிற்று. புறப்படும்போது எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். அழுகையின் நடுவே எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். இனிமேல் மாடிப்படியில் நின்று கத்துவதற்கு ஆள் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பெரியப்பா கூப்பிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். வாயைத் திறந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். நான் தடதடவென்று இறங்கி அக்காவின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். எடையைச் சொல்லச் சொல்ல எழுதினேன். பெரியப்பா என் கையெழுத்தைத் தூக்கிப் பிடித்து எல்லாரிடமும் காட்டினார். வத்தல் நெடியில் தும்மல் வந்தது, சாயா வந்தது, வடை வந்தது. உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பத்தாம் வகுப்புக்கும் அதே டீச்சர்தான். அந்த வாரம் அவர் நோட்டைக் கேட்டபோது என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. ஏசுவார் என்று நினைத்தேன். அக்கா போயாச்சா என்று மட்டும் மலையாளத்தில் கேட்டார். போயாச்சு என்றேன். கையிலிருந்த சாக்குக்கட்டியைப் பார்த்தபடியே அடுத்த பெஞ்சுக்குப் போனார். கோட்டை அவர் மாற்றிப் போடவில்லை, வீட்டுப் பக்கம் அகலமாகவே இருந்தது. ஆனால் டீச்சருக்கு எட்டுவது கரும்பலகை வரைக்கும்தான். மாடிப்படியில் வந்து நிற்க அவரால் முடியாது.

அக்கா போன மறுவாரம் என்று நினைக்கிறேன். கடையில் நல்ல கூட்டம். பெரியப்பாவின் போன் அடித்தது. எடுத்தவர் முகம் மலர்ந்தது.

"நீயா மக்களே, சுகமா இருக்கியா?" என்றார். அவள் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். "ஒனக்க அக்காவாக்கும். இங்கிலீஷ் ஹோம்வொர்க் முடிச்சியான்னு கேக்கா."

ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் முகம் வத்தல் பட்டதுபோல் எரிந்தது. மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. சுகம் விசாரிப்பாள், பிறகு அதே கேள்வியைக் கேட்பாள். எழுதவில்லை என்று தெரிந்தால், டீச்சர் உங்களைக் கூப்பிட்டு அனுப்பப்போகிறார் என்று அங்கிருந்தே பெரியப்பாவைப் பயமுறுத்துவாள். எடைபோட நிற்கிறவர்கள் பொறுமையிழந்து கூப்பாடு போடுவார்கள். கடைசியில் பெரியப்பாவுக்குச் சலித்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரமானால் அவரே, நீ மேல போ, எழுது, இப்ப அவ விளிப்பா என்று என்னைத் துரத்த ஆரம்பித்தார். எடை எழுத மார்க்கெட்டிலிருந்து ஒரு ஆளை வைத்துக்கொண்டார். அந்த ஸ்டூலில் அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை.

இப்போது அக்காவிடம் இதையெல்லாம் கேட்டால், எனக்கு ஒண்ணும் ஓர்மை இல்லை என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விடுவாள். எனக்கு அப்போதே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்க முடியாது. வாயில் எதுவும் நிற்காத பிள்ளை நான், காலையில் சொன்னால் மாலைக்குள் அது கல்லாவில் இருக்கிற பெரியப்பாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

போன் வந்த அந்தச் சாயங்காலங்களில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்து நோட்டை விரிப்பேன். அக்காவிடம் அப்போது சொந்தமாகப் போன் கிடையாது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண், சாமிவிளக்கு ஏற்றவேண்டிய நேரத்தில், மாமியாரிடம் போய்க் கைநீட்டிப் போனைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், அதுவும் தினமும். அத்தனை பேர் காதுபட நின்று தங்கச்சியின் ஹோம்வொர்க்கை விசாரிப்பதற்கு அந்த வீட்டில் அவள் என்னென்ன ஏச்சு வாங்கினாளோ. எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. கட்டிக்கொண்டு போன பிறகும் இவள் கோள் சொல்வதை விடவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, டீச்சர் கொடுத்ததை வரி வரியாக எழுதினேன்.