மெர்சி பிரித்தெடுத்த அரைப் படங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் என்ற ஊரில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நேரத்தில் பாக்கெட்டில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. தாலி கட்டி முடிந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். மெர்சியின் கணவர் டேவிட். திருப்பி அழைத்தேன்.

"மெர்சி போய்ட்டா, மோகன். தூக்கத்துலயே" என்றார்.

பத்து பாகாட் என்ற எங்கள் ஊரில், ஸ்டூடியோவுக்கு வந்துபோன பலர் மெர்சியைப் பார்த்ததே இல்லை. கேமராவோடு வெளியே திரிந்தவன் நான். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எடுத்து வந்ததைப் பார்க்கத்தக்கதாக ஆக்கியவர் அவர். சிங்கப்பூரில் படத்தொகுப்பு வேலை பார்த்து, தினமும் எல்லைப் பாலம் கடந்து போய்வந்து அலுத்து, ஊர் திரும்பியவர். என்னோடு கூட்டுச் சேர்ந்த முதல் மாதமே எங்களுக்குள் சண்டை வந்தது.

காரணம் ஒன்றுதான். எந்த வீடியோவையும் ஓட்டிப் பார்க்காமல் என்கோட் செய்ய, அதாவது சுருக்கிச் சேமிக்க, விடமாட்டார். பழைய கேமராக்கள் பலவும் ஒரு படத்தை முழுதாக எடுப்பதில்லை. ஒன்றுவிட்ட வரிகளை ஒரு கணத்திலும் மீதி வரிகளை அடுத்த கணத்திலும் எடுத்துப் பின்னிவைக்கும். அது இன்டர்லேஸ். முழுப் படமும் ஒரே கணத்தில் எடுத்ததென்றால் புரோகிரெசிவ். பின்னியதைப் பிரிக்காமல் சுருக்கினால் அசைவு குழம்பிவிடும். பின்னாததை வீணாகப் பிரித்தால் பட்டுச்சேலையின் சரிகை மங்கிவிடும். என்கோட் செய்து முடித்தபின் எதையும் மீட்க முடியாது.

கல்யாண சீசனில் வேலை குவிந்திருக்கும்போது, ஃபைலிலேயே எந்த வகை என்று போட்டிருக்கிறதே என்பேன்.

"அது யாரோ ஒட்டின லேபல் லா. ஆளு அசையற இடத்துக்குப் போங்க. ஒவ்வொரு படமா நிறுத்துங்க. ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி தெரியுதா பாருங்க. சும்மா நிக்கிற ஆள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்பார்.

பிறகு சுமதி என்ற வாடிக்கையாளர் வந்தார். அவருடைய பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். வீட்டில் சைகை மொழிதான். சுமதி கருவுற்றிருந்தபோது, நோய்ப்படுக்கையில் இருந்த அவருடைய அப்பா, உறவினர் ஒருவரின் பழைய கேமராவின் முன்னால் பேரப்பிள்ளைக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தார். எடுத்தவருக்குச் சைகை தெரியாது. வேறு யாரும் அறையில் இல்லை. குழந்தை பிறப்பதற்குள் பெரியவர் போய்விட்டார். ஒரு கடையில் மாற்றித் தந்த வீடியோவில் அவர் கை வெறும் புகையாகத் தெரிந்தது. ஒரு விரலா, இரண்டு விரலா, தொட்டது தாடையையா, கன்னத்தையா, எதுவும் தெரியவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். பாட்டி பாக்கியம் அம்மாள் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், தோளைத் தட்டித்தான் திரும்ப வைப்பாராம்.

மூலப் பதிவைக் கொண்டு வரச் சொன்னார் மெர்சி. உறவினரின் கம்ப்யூட்டரில் அது பத்திரமாக இருந்தது. ஃபைல் தகவல் புரோகிரெசிவ் என்றது. மெர்சி நேராகக் கை உயரும் இடத்துக்குப் போய் நிறுத்தினார். விரல் ஓரமெல்லாம் சீப்புப் பற்கள். கடைக்காரர் தகவலை நம்பிச் சுருக்கியதில் இரு கணங்களும் ஒன்றில் ஒன்று கலந்திருக்கின்றன.

மெர்சி, பாதி வரிகள் மட்டுமே உள்ள அந்த அரைப் படங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் முழுப் படமாக்கினார். முதலில் கை முன்னும் பின்னும் துள்ளியது. அரைப் படங்களின் வரிசை மாறியிருக்கிறது என்று திருத்தினார். அப்போது பெரியவரின் கை தெளிந்தது. இரண்டு விரல்கள் கன்னத்தை வருடி, வெளியே வந்து, மெல்ல விரிந்தன.

மகளோடு வந்திருந்த பாக்கியம் அம்மாள் திரையின் அருகே போனார். கணவர் செய்ததைத் தானும் செய்தார். பிறகு மகள் பக்கம் திரும்பிச் சைகையில் வேகமாக ஏதோ சொன்னார்.

"கன்னத்துல பட்ட வெயில்" என்றார் சுமதி. "நான் கைப்பிள்ளையா சன்னல் ஓரம் தூங்குறப்ப, அப்பா அப்படித்தான் சொல்வாராம்."

அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல மெர்சிக்குக் கூச்சமாகிவிட்டது. "அவரு தெளிவாத்தான் பேசியிருக்காரு. கலைச்சது நம்ம தொழில் ஆளுங்கதான்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் தொலைவில் உள்ள பாசிர் கூடாங்கிலிருந்தெல்லாம் காது கேளாதோர் குடும்பங்கள் தங்கள் பழைய பதிவுகளைக் கொண்டு வந்தன. மெர்சி அவர்களிடமே சைகை மொழி கற்றுக்கொண்டார். என்னிடம் பொறுமையிழந்து கத்துபவர், அவர்கள் சிரிக்கச் சிரிக்கத் தப்பும் தவறுமாகக் கையை ஆட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

அடக்க ஆராதனை அன்று அவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தேவாலயத்தின் இடப்பக்க வரிசைகள் நிறைந்திருந்தன. பாடல் தொடங்கியது. சுமதி முன்னால் நின்று சைகை காட்ட, அவர்கள் கைகளால் பாடினார்கள். டேவிட் பாடுவதை நிறுத்திவிட்டார். அவர் திரும்பி அவர்களைப் பார்த்தார். ஒரு சொல்லும் தெரியாமலேயே, அவர்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் கைகளை உயர்த்தினார்.

மெர்சி, உங்களை அப்படித்தான் வழியனுப்பி வைத்தோம். நிம்மதியாக இளைப்பாறுங்கள்.